செவ்வாய், வெள்ளி

குளியலறைக் கண்ணாடிக்கு என் முகம் மட்டும்தான் தெரியும்.
அதனால் முக்காலி போட்டு ஏறி நின்றேன்,
நாற்பத்தொன்பது வயதில்,
பாவாடையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு.
கொப்பூழுக்குக் கீழே, இடது பக்கம்,
சிசேரியன் தழும்பிலிருந்து நாலு விரற்கடை தள்ளி.
அங்கேதான் ஒட்டச் சொன்னார் டாக்டர் சபூரா.

தபால்தலை அளவுதான் இருக்கும்.
இருபத்தாறு வருஷமாக அரசரடி தபால் நிலையத்தில்
ஊரார் கவர்களுக்கெல்லாம் ஒட்டிய கை,
இதற்கு நடுங்கியது.
உள்ளங்கையை வைத்து அழுத்திப் பத்து எண்ண வேண்டும்.
எட்டில் சந்தேகம் வந்து
திரும்பவும் ஒன்றிலிருந்து எண்ணினேன்.
எந்த ஊருக்கு என்னை அனுப்புகிறார்கள் என்று
எழுதியிருக்கவில்லை அதில்.

போன பங்குனியில் ஆரம்பித்தது.
பங்குனியில் மதுரையில் யாருக்கு வேர்க்காது?
கார்த்திகை மழை ஜன்னலில் அறைந்துகொண்டிருக்க
கவுண்ட்டரில் உட்கார்ந்த எனக்கு
நெஞ்சிலிருந்து காதுவரை ஓர் அடுப்பு ஏறியபோதுதான்
வெயில்மேல் போட்ட பழியை எடுத்தேன்.
பாஸ்புக்கில் ஒரு சொட்டு விழுந்து
மை கலைந்து ஆறு எட்டானது.
"அழுவுறியாம்மா?" என்றார் கணக்குக்காரர்.
இல்லை என்றேன்.
சொன்னதும் அழுகை வந்துவிட்டது.

மூன்று மாதம் எட்டிப்பார்க்காத தீட்டு
நாலாம் மாதம் வந்து
இருபது நாள் போக மறுத்தது.
வார்த்தைகள் நழுவின.
உசிலம்பட்டி என்ற பேர் நாக்கில் ஏறாமல்
ஆறு இரண்டு ஐந்து ஐந்து மூன்று இரண்டு என்று
பின்கோடு மட்டும் வந்து நின்றது,
ஆள் வராமல் செருப்பு மட்டும் வந்ததுபோல.

"எங்கம்மால்லாம் மருந்தா போட்டாங்க?
கேன்சர் வரும்க்கா" என்றாள் பார்சல் பிரிவு ரெபேக்கா.
எனக்கும் பயம்தான்.
அந்தப் பயத்தை அப்படியே மேசைமேல் வைத்தேன்.
சபூரா அதைத் தள்ளிவிடவில்லை.
சித்திக்கு மார்பில் கட்டி இருந்ததா, கேட்டார்.
காலில் ரத்தம் உறைந்ததுண்டா, கேட்டார்.
மேமோகிராம் எடுக்க அனுப்பினார்.
இரண்டு தட்டுக்கு நடுவே நசுங்கி நின்றேன்.
அந்த வருஷத்தில் என்மேல் பட்ட
ஒரே குளிர்ச்சி அதுதான்.

"இருந்தாலும் செயற்கைதானே" என்றாள் ரெபேக்கா.
"சித்திரைக்கு வைகையில ஓடுறது மட்டும் என்னவாம்?
அணையைத் திறந்து விட்டதுதானே.
அழகர் இறங்கலையா?"
எனக்கே தெரியாது இப்படிப் பேசுவேனென்று.

"வாரம் ரெண்டு தடவை. செவ்வாய், வெள்ளி மாத்திக்கங்க."
சிரித்துவிட்டேன். எண்ணெய்க் குளியல் நாளாச்சே டாக்டர்.
"அந்த இடத்துல எண்ணெய் படாம பாத்துக்கங்க."
இப்போது உச்சி முதல் கால்வரை நல்லெண்ணெய்,
ஒரு சதுரத்துக்கு மட்டும் வறட்சி.
ராத்திரிக்கு ஒரு மாத்திரை வேறு,
கர்ப்பப்பைக்குக் காவல்.

சங்கையாவிடம் சொல்லவில்லை.
மின்கம்பத்தில் ஏறுகிறவர்,
வீட்டுக்குள் அதிகம் விசாரிக்க மாட்டார்.
ஒரு வருஷமாக ராத்திரி கால்மாட்டில்
ஈரத் துண்டு ஒன்று பிழிந்து கிடக்கும்.
யார் வைத்தது என்று நானும் கேட்டதில்லை.

மூன்றாம் வாரம் ஒரு நாள் காலை
பேட்ச் உடம்பில் இல்லை.
பாயை உதறினேன், சேலையை உதறினேன்,
வாஷிங் மெஷினுக்குள் தலையை விட்டேன்.
தினசரிக் காலண்டரில், ராகுகாலத்தின்மேல்
ஒட்டிக்கொண்டிருந்தது.
"எம் முட்டியில இருந்துச்சு.
காணாமப் போயிரக் கூடாதேன்னு ஒட்டி வச்சேன்."
சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார்.
பிறகு வாசலில் நின்று,
"வெலை கூடுதலா?"

புதிது ஒன்று ஒட்டிக்கொண்டேன்.
அந்தத் தாளை இருவருமே கிழிக்கவில்லை.
நாலு நாளாக எங்கள் வீட்டில் அதே தேதி.

நேற்று மூன்று மணிக்கு விழிப்பு வந்தது, பழக்கத்தில்.
தலையணை காய்ந்திருந்தது.
துண்டும் கால்மாட்டில் காய்ந்து விறைத்துக் கிடந்தது.
அந்த நேரத்தை என்ன செய்வதென்று தெரியாமல்
உசிலம்பட்டி என்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன்.
வந்தது.